சீப்புக்காரரின் இரண்டு விரல்கள்

பஸ்ஸில் வந்த பதினாறு பேரும் பட்டறைக்குள் நெருக்கியடித்து நின்றதும் கைடு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

நடுவில் முக்காலி போட்டு, முழங்கால்களுக்கு இடையே மரத்துண்டை இடுக்கிக்கொண்டு, சீப்புக்காரர் பல் அறுத்துக்கொண்டிருந்தார். ஒரு சீப்புக்கு அறுபத்திரண்டு பல். ஒன்று உடைந்தாலும் மொத்தமும் அடுப்புக்கு.

அவருடைய இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை.

இந்தக் கலைக்காக அவர் ரம்பத்துக்குக் கொடுத்த விரல்கள் அவை என்று கைடு வந்தவர்களின் மொழியில் சொன்னான். ரத்தம் நின்றதும் மனிதர் மறுபடியும் ரம்பத்தைத்தான் கையில் எடுத்தார் என்றான். மூன்று வருஷமாகச் சொல்கிறான். எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்பதுகூட அத்துப்படி.

கதை நன்றாகவே வேலை செய்தது. ஈயோட்டிக்கொண்டிருந்த தெருவில் இப்போது நான்கு பட்டறைகள். பிளாஸ்டிக் கம்பெனிக்குப் போன ஆட்கள்கூடத் திரும்பி வந்து ரம்பம் பிடித்துவிட்டார்கள். சுற்றுலாத் துறை வாசலில் பெரிய பலகை மாட்டிவிட்டுப் போனது.

யாருக்கும் நஷ்டமில்லாத பொய்தானே என்று கைடு தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

ஆனாலும் சொல்லும்போது சீப்புக்காரரின் முகத்தைப் பார்க்க மாட்டான். போன மாதம் ஒரு பெண் அந்தக் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தபோது, இவன் வெளியே போய் பஸ் டயரை உதைத்துக்கொண்டு நின்றான்.

சீப்புக்காரருக்கு அந்த மொழி தெரியாது. அது ஒன்றுதான் நிம்மதி.

இன்று வந்த கூட்டத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, சீப்பை விட்டுவிட்டு அந்தக் கையை எடுத்தார். நெற்றியில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, தழும்பைத் தடவிப் பார்த்தார். முப்பது வருஷம் கைகளுக்கு ஆபரேஷன் செய்த டாக்டராம்.

ரம்பம் அறுத்த தழும்பு இப்படி இருக்காது, இது நசுங்கிய கை, எதில் நசுங்கியது என்று அவரிடமே கேளுங்கள் என்றார்.

அத்தனை பேரும் கைடின் வாயையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் கேட்டான்.

சீப்புக்காரர் ரம்பத்தில் ஒட்டியிருந்த தூளை ஊதினார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எப்பவும் சொல்றாப்புல ரம்பம்னே சொல்லுடா தம்பி. நீ அடி வாங்கக்கூடாதுன்னு அம்மாகிட்டயே நான் அப்படித்தான சொன்னேன்.”

மூன்று வருஷமும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் கையை ரம்பம்போல இழுத்துக் காட்டி உச்சுக்கொட்டினால் யாருக்குத்தான் புரியாது?

கைடு திரும்பினான். அந்த டாக்டரின் முகத்துக்கு நேராக ரம்பம் என்று சொல்ல வாய் வரவில்லை.

வேன் கதவு என்றான். மரம் இறக்கி முடித்த அவசரத்தில், அண்ணன் கை அங்கே இருந்ததைப் பார்க்காமல் தம்பிக்காரன் ஓங்கிச் சாத்திவிட்டான் என்றான்.

அந்தத் தம்பி யார் என்று மட்டும் சொல்லவில்லை.

டாக்டர் கண்ணாடியை மறுபடியும் நெற்றிக்கு ஏற்றினார். பிறகு, தம்பியை இவர் மன்னித்துவிட்டாரா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார்.

கைடு அண்ணன் பக்கம் குனிந்தான்.

“அண்ணே, டீ சொல்லட்டுமா?”

அண்ணன் வேலையை நிறுத்தாமலே தலையாட்டினார்.

மன்னித்துவிட்டேன் என்கிறார் என்று மொழிபெயர்த்தான் கைடு.