சொரிமுத்துவின் எடை

மறுபடியும் நிற்கவில்லை.

பலகைச் சரிவில் இறங்கிய பொம்மை எஞ்சின், பிரேக் பிடித்தபடியே வழுக்கிக்கொண்டு போய், வளைவில் தடம் புரண்டு, மூன்று பெட்டிகளோடு கீழே விரித்திருந்த ஜமுக்காளத்தில் விழுந்தது.

"சவத்து மூதி!" என்று கத்தினேன். எஞ்சினைத்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த மாடம்மாள் சிதறிய பெட்டிகளை எடுத்து வரிசையாக வைத்தாள்.

வித்துரா ஊருக்கு மேலே, மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், இரண்டடி அகலத் தண்டவாளத்தில் குட்டி ரயில் ஒன்று ஓடிக்கொண்டிருந்ததாம். அதன் ஓட்டுநர் சொரிமுத்து, இவளுடைய அப்பா. ஒரு மழைநாளில், கொழுந்து கிள்ளும் பெண்கள் ஒன்பது பேரோடு அந்த வண்டி பள்ளத்தில் விழுந்தது. சொரிமுத்துவின் உடல் மட்டும் மேலே, வளைவுக்கு முன்பே, தண்டவாளத்தின் ஓரமாகக் கிடந்தது.

பிரேக்கில் குறை இல்லை, ஓட்டுநர் பயந்து குதித்துவிட்டார் என்று கம்பெனிக்காரன் எழுதிவிட்டுப் போய்விட்டான்.

அன்றைக்கு மாடம்மாளுக்கு ஏழு வயது. அதற்குப் பிறகு தோட்டக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒருத்தரும் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை.

நான் முப்பது வருஷம் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவள். இப்போது கேட்பவர்களுக்கு ரயில் மாதிரிகள் செய்துகொடுக்கிறேன். சித்திரை மாதம் இவள், அப்பா எஞ்சினோடு நிற்கிற ஒரு பழைய போட்டோவோடு, அந்த வண்டியை அப்படியே செய்துதரச் சொல்லி, கரமனையில் என் வீட்டைத் தேடி வந்தாள்.

"ரத்னாபாய் சேச்சி, எங்கப்பா வண்டியிலேருந்து எதுக்குச் சாடினாரு? அது மட்டும் தெரிஞ்சா மதி எனக்கு, வேற ஒண்ணும் வேண்டாம்."

பொம்மை எஞ்சின் சாட்சி சொல்லுமா என்று கேட்க வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்க மனசு வரவில்லை.

பிரேக் கட்டையை இரண்டு தடவை கழற்றி மாட்டிவிட்டேன். மேஜைமேல் உடும்புப்பிடியாகப் பிடிக்கிறது. சரிவில் வைத்தால் வழுக்குகிறது.

ஜமுக்காளத்திலிருந்து எஞ்சினைப் பொறுக்கி எடுத்தபோதுதான் உறைத்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மா இல்லை. கரிக்கு, தண்ணீருக்கு, ஒன்பது பெண்களுக்கு என்று ஈயம் வெட்டி எடை வைத்தவள், ஓட்டுநரை விட்டுவிட்டேன்! ஆள் பொம்மைகளை ஏற்றுவதில்லை என்பது என் வழக்கம். அவை எத்தனை நன்றாக அமைந்தாலும் முகத்தில் பிணக்களைதான்.

இந்த ஒரு தடவை வழக்கத்தை மாற்றினேன். போட்டோவைப் பார்த்துப் பித்தளையில் சொரிமுத்துவை வார்த்தேன். சுண்டுவிரல் அளவு. எடை சரியாக வந்ததும் எஞ்சினுக்குள் உட்காரவைத்து ஈயத்தால் பற்றவைத்தேன். குறடால் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மாடம்மாள் மறுபடி பஸ் ஏறி வந்தாள். நல்ல வெயில். எஞ்சினைச் சரிவின் உச்சியில் வைத்து, பிரேக்கைப் போட்டு, கையை எடுத்தேன்.

அதே வழுக்கல். அதே வேகம். எனக்கு அழுகை வந்துவிட்டது. வளைவு நெருங்கியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

விழுகிற சத்தம் கேட்கவில்லை.

"நின்னுட்டு சேச்சி! நின்னுட்டு!"

வளைவுக்கு ஒரு சாண் முன்னால் எஞ்சின் நின்றிருந்தது. பின்னால் மூன்று பெட்டிகளும் பத்திரமாக இருந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தில் மாடம்மாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எடைதான், எடைதான் என்று என்னென்னவோ உளறினேன்.

பிறகு குனிந்து எஞ்சினுக்குள் பார்த்தேன். ஓட்டுநர் இல்லை. பற்றவைத்த இடம் வழவழவென்று இருந்தது, அறுந்த தடமே இல்லை.

அவர் முன்சக்கரத்தின் அடியில் இருந்தார். தண்டவாளத்துக்குக் குறுக்கே, குப்புற. லாரி உருளாமல் இருக்கக் கிளீனர் டயருக்குக் கட்டை கொடுப்பானே, அதைப்போல இரண்டு கைகளையும் சக்கரத்துக்கு அடியில் நீட்டியிருந்தார்.

மாடம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பயந்து சாடலே... எங்கப்பா பயந்து சாடலே..."

சொல்லிச் சொல்லி அழுதாள். அழட்டும் என்று விட்டேன்.

அவளிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. வார்த்த பித்தளை மடங்காது, மடக்கினால் முறிந்துபோகும். நான் சொரிமுத்துவை, உட்கார்ந்த நிலையில், இரண்டு கைகளாலும் பிரேக் கம்பியைப் பிடித்திருப்பவராகத்தான் வார்த்திருந்தேன்.