முழங்காலுக்குள் ஒரு காவல்

தையல்காரர் மாசிலாமணியின் வலது முழங்காலுக்குள் ஒரு குருத்தெலும்பு இருந்தது. ஐம்பது வருஷமாக இரண்டு எலும்புகளும் உரசிக்கொள்ளாதபடி நடுவில் வழுவழுவென்று, தானுண்டு தன் வேலையுண்டு என்று கிடந்தது. ஒருநாள் அவர் மழையில் படி சறுக்கி விழுந்ததில் அதன் ஓரத்தில் லேசாக ஒரு சிராய்ப்பு.

உடனே ரத்தத்திலிருந்து ஒரு வெள்ளையணு ஓடி வந்தது. "எவன் அவன்?" என்று கேட்டுக்கொண்டே, மூச்சுக் காற்றை நெருப்புப் பொறியாக்கி நாலா பக்கமும் வீசியது.

"யாரும் வரலை அண்ணே, வெறும் சிராய்ப்புதான்" என்றது குருத்தெலும்பு.

"நீ சும்மா இரு தம்பி. உனக்காகத்தானே நான் இந்தப் பாடு படுறேன்."

பொறி பட்டதில் குருத்தெலும்பிலிருந்து ஒரு துகள் உதிர்ந்தது. வெள்ளையணு அதைத் தூக்கிக் காட்டியது. "பார்த்தியா? எவனோ உள்ளே புகுந்து உடைக்கிறான்!"

அது போட்ட சத்தத்தில் இன்னும் பத்து வெள்ளையணுக்கள் வந்து சேர்ந்தன. பத்தும் பொறி வீசின. முன்னைவிட அதிகமாகத் துகள் உதிர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு நூறு வந்தன.

குருத்தெலும்பு சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனது. வெளியே மாசிலாமணி மெஷினை மிதிக்க முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே குருத்தெலும்பு காகிதமாக இளைத்து, அங்கங்கே எலும்பு தெரியத் தொடங்கியிருந்தது.

முதலில் வந்த வெள்ளையணு அதை அன்போடு தட்டிக்கொடுத்தது.

"பயப்படாதே தம்பி. உன்னில் ஒரு துணுக்கு மிச்சம் இருக்கிற வரைக்கும் உன்னை விட்டுப் போகமாட்டோம்."