பிரித்த மடிப்பு

சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீளமாகக் கிடத்தியிருக்கிறது. மழைக்கோட்டு ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்த அம்மா, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நிற்கிறாள். குளிக்காமல் மகளைத் தொட வேண்டாம் என்று பள்ளிக்கூடத்து நர்ஸ் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. ஆலையில் துணிக்குப் பூசுகிற ரசாயனம் பதிமூன்று வயது மகளின் ரத்தத்திலும் இருக்கிறதாம். "அதனாலதான் வளரலையா?" என்று கேட்டதற்கு, "இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றாள் நர்ஸ். கறை ஒட்டாது, நன்றாக உழைக்கும் என்று ஆலையில் மிஞ்சிய அந்தப் பூச்சுத் துணியைக் கேட்டு வாங்கிவந்து மகளுக்குப் பாவாடை தைத்தவள் இவள்தான். வளர்கிற பிள்ளையாயிற்றே, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடலாம் என்று அடியில் மூன்று மடிப்பு வேறு வைத்தாள். மூன்று வருஷமாகியும் ஒன்றைக்கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. நர்ஸ் சொன்ன பிறகு தூக்கிப்போட மூட்டை கட்டி வைத்த அந்தப் பாவாடையைத்தான் மகள் இப்போது உடுத்திக்கொண்டு நிற்கிறாள். காலடியில் பிளேடும் நூல் துணுக்குகளும் கிடக்கின்றன. "ஒரு மடிப்பு பிரிச்சுட்டேம்மா. அளவு சரியா இருக்கு, பாரு." விளிம்பு கணுக்காலுக்கு மேலே கச்சிதமாகத்தான் நிற்கிறது. ஆனால் தொளதொளத்த சட்டைக்குள், நெஞ்சுக்கு நேரே, இடுப்பில் இருக்காமல் ஏற்றிக் கட்டிய பாவாடை நாடாவின் முடிச்சு புடைத்துக்கொண்டு தெரிகிறது. அம்மா அதைப் பார்க்கிறாள். "ஆமாடி, வளந்துட்ட" என்கிறாள். முதுகுக்குப் பின்னால் ஒரு கை இன்னொரு கையை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.