நடு ஓடை

வெயில் அடிக்கும்போதே ஓடை செம்மண் நிறமாகிப் பெருகியது; மலையில் மழை. பேத்தி வடிவைத் தோளில் சுமந்து நடுவில் நின்றேன். எதிர்க்கரையில் மாடக்கண்ணு. மடைத் தகராறில் பதினெட்டு வருடமாக எங்கள் இரு வீட்டுக்கும் பேச்சு கிடையாது.

“தாயி, ஒங்க தாத்தாவ வீம்ப வுட்டுட்டு இந்தப் பக்கம் வரச் சொல்லு!” என்று கத்தினான்.

“வடிவு, முதல்ல ஒன்னைய வாங்கிக்கிடச் சொல்லு,” என்றேன்.

அவன் இடுப்பளவு நீரில் இறங்கிக் குழந்தையை வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறினான். நான் பின்னால் வருவதாக நினைத்திருப்பான். என் வலது கால் பாறையிடுக்கில் சிக்கியிருந்தது. சொல்லியனுப்ப இப்போது எங்களுக்கு நடுவில் யாரும் இல்லை. தண்ணீர் மார்பைத் தாண்டியது. பெயர் சொல்லி ஒரு முறை கூப்பிட்டால் போதும். என் அப்பா சாகும்வரை உச்சரிக்காத பெயர். கழுத்து நனைந்தது. வாயைத் திறந்தேன். அவன் திரும்பாமல் ஏறிக்கொண்டிருந்தான்.