ஏழாவது ஜோடி

மாமனார் தம் பயணப் பெட்டியில் அந்தப் பழைய காலுறைகளையே எடுத்து வைத்தார்.

அறை வாசலில் நின்றுகொண்டிருந்த மருமகனின் முகம் சுருங்கிப் போயிற்று.

பறங்கிப்பழ நிறத்தில் பச்சைக் கோடுகள் ஓடும் அந்த ஜோடி, அவன் வாழ்க்கையில் முதன்முதலாகப் பின்னியது. ஊசி நழுவிவிடுமோ என்ற பயத்தில், முதல் காலுறையின் ஒவ்வொரு கண்ணியையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கியிருந்தான். இரண்டாவதைத் தொடங்குவதற்குள் தைரியம் வந்துவிட்டது. கையும் தாராளமாகிவிட்டது.

முடிவில், அளவில் ஒன்று அண்ணன், மற்றொன்று தம்பி.

ஆனாலும், "சுமாராத்தான் வந்திருக்கு மாமா" என்று சொல்லி அவர் கையில் கொடுத்திருந்தான். அவரும் மிகுந்த மரியாதையோடு வாங்கிக்கொண்டார்.

அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அடுத்த சரக்குப் பெட்டி தயாராகும்வரை, பத்து மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாகக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் ஐந்து ஊசிகளும் ஒரு நூல்கண்டும் அவனிடம் வந்து ஒட்டிக்கொண்டன.

கீழே நின்று சைகை காட்டுபவர், வாக்கிடாக்கியில் வம்புக்கிழுக்காத நாளில்லை.

"அண்ணே, குதிகால் முடிஞ்சுதா? முடிஞ்சா இந்தப் பெட்டியையும் கொஞ்சம் கப்பல்ல வச்சுடுங்க, புண்ணியமாப் போகும்."

அவன் அதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை. குழாய்போல வட்டமாகவே போய்க்கொண்டிருக்கும் பின்னல், குதிகாலில் வந்ததும் திரும்பி, சின்னக் கிண்ணமாகக் குழியும். அந்த இடம் வரும்போதெல்லாம், இதைச் செய்தது தன் கைதானா என்று அவன் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். மஞ்சள் தீர்ந்து கத்தரிப்பூ நிறம் தொடங்கும் வரிசைக்காகவே சில நாட்கள் சாப்பாட்டை மறந்திருக்கிறான்.

அதையும் சேர்த்து ஓராண்டில் ஆறு ஜோடிகள் பின்னிவிட்டான். இரண்டாவது ஜோடியிலேயே இரண்டு காலுறைகளும் ஏறக்குறைய ஒத்துப்போயின. ஆறாவதைக் கண்ட மனைவி, கடையில் வாங்கி வந்து ஏமாற்றுகிறானோ என்று சந்தேகப்பட்டாள்.

முதல் ஜோடிக்குப் பின் வந்த ஐந்தையும் கையில் கொடுக்க அவனுக்குக் கூச்சம். ஒவ்வொன்றாக, மாமனாரின் அலமாரியில் மடித்து வைத்துவிட்டு வந்தான்.

அவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. குளிர் வந்தால் அந்த அண்ணன் தம்பியைத்தான் மாட்டிக்கொள்வார். விருந்தினர் வந்தாலும் அதே கோலம்தான். மருமகன் தலையைக் குனிந்துகொள்வான்.

"நான் வேணா கேட்டுச் சொல்லட்டுமா?" என்பாள் மனைவி. "ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரியா ஓட வேண்டியிருக்கு."

"வேண்டாம், கேட்டுடாதே. மாமா சங்கடப்படுவார்."

பிடிக்கவில்லை என்று சொல்ல மனம் வராமல்தான் பெரியவர் ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று அவன் முடிவுகட்டியிருந்தான். முதல் ஜோடியை அணிவதுகூட, கையில் கொடுத்துவிட்டானே என்ற தாட்சண்யமாக இருக்கலாம்.

இன்று அவர் மூத்த மகன் வீட்டுக்குப் புறப்படுகிறார். அங்கே மூன்று மாதம் கடுங்குளிர்.

மருமகனின் கையில் ஏழாவது ஜோடி இருந்தது. மயில்கழுத்து நீலம், கணுக்காலில் எலுமிச்சை மஞ்சள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் ஒரு கண்ணிகூட மிச்சம் தெரியாது. இதையும் அவர் ஒதுக்கிவிட்டால், ஊசிகளை யாருக்காவது கொடுத்துவிட்டு, இனிக் கூண்டுக்குள் சும்மா உட்கார்ந்து கடலைப் பார்ப்பது என்று இரவே தீர்மானித்திருந்தான்.

தெருவில் டாக்ஸி வந்து நின்றது.

அவன் சட்டென்று தரையில் முழந்தாளிட்டான்.

"மாமா, இதைப் போட்டுக்கிட்டுப் போங்க."

"ஐயையோ, என்ன மாப்பிள்ளை இது! நீங்க போய் என் காலை... எந்திரிங்க முதல்ல!"

அதற்குள் வலது காலுறை ஏறிவிட்டது. தோல்போல அப்படியே பொருந்தியது.

இடது காலுறையையும் போட்டுவிட்டான். விரல்நுனிக்கு அப்பால், கட்டைவிரல் அகலத்துக்கு வெறும் துணி தொங்கியது.

எங்கே தப்பு? காலையில்கூட எண்ணிப் பார்த்தானே. குதிகாலை இழுத்துச் சரிசெய்தான். மறுபடியும் தொங்கியது. இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தவன், அப்படியே நிமிர்ந்து மாமனாரின் முகத்தைப் பார்த்தான்.

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிறந்ததிலேர்ந்தே இடது கால் கொஞ்சம் சின்னது மாப்பிள்ளை. ஷூவுக்குள்ள பஞ்சை வச்சு ஓட்டிட்டேன். பெத்த பொண்ணுக்கே தெரியாது. நீங்க எப்படித்தான் கவனிச்சீங்களோ... ஒரு வார்த்தை கேக்காம, கால் காலுக்கு அளவு பாத்துப் பின்னிக் கொடுத்தீங்களே, அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல."

மருமகன் அலமாரிப் பக்கம் திரும்பினான்.

"அப்போ... அலமாரியில இருக்கிற அஞ்சு ஜோடி?"

"அது உங்களோடது இல்லையா? ரெண்டும் ஒரே அளவா இருந்துச்சு. உங்களுக்கு வைக்க இடமில்லை போலன்னு, பத்திரமா அப்படியே விட்டுட்டேன்."

தெருவில் டாக்ஸி இரண்டு முறை ஒலியெழுப்பியது.

மருமகன் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து விரித்தான்.

"இந்தத் தடவை அளவு மறந்துபோச்சு மாமா. இடது காலை இன்னொரு முறை காட்டுங்க."