ஓட்டு வீடு

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம். அந்த நகரசபையில் வீட்டு வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. ஆற்றோரத்து நாற்பது குடிசைகளுக்கு வரியும் கிடையாது, ஓட்டும் கிடையாது, குடிதண்ணீர்க் குழாயும் கிடையாது. அந்த வருடம் ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வாந்திபேதியில் ஏழு பேர் செத்துப்போனார்கள். சடைச்சியின் மகளும் அதில் ஒருத்தி. காரியம் முடிந்த மறுநாள் சடைச்சி வரி குமாஸ்தாவைத் தேடிப் போனாள்.

"என் குடிசைக்கும் வரி போடுங்க சாமி. ஓட்டு இருக்குற தெருவுக்குத்தான் குழா வருதாம்."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "வரியைக் குறைக்கச் சொல்லித்தாம்மா எல்லாரும் வருவாங்க. ஓலைக் குடிசைக்கு வரி போட சட்டத்துல இடமில்லை. ஓடு போட்டா, வீடுன்னு எழுதிக்கலாம்."

சூளையில் வேலை பார்த்த குடிசைக்காரர்கள் கூலிக்குப் பதிலாக ஓடு வாங்கிவந்தார்கள். எல்லாருடைய ஓடுகளையும் சேர்த்து, மூன்று மாதத்தில் சடைச்சியின் குடிசைக்கு மட்டும் ஓட்டுக்கூரை ஏறியது. குமாஸ்தா வந்து பார்த்து வரி போட்டார். அவள் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறியது.

தேர்தலுக்கு முந்தின வாரம், ஒரு வேட்பாளர் முதல்முறையாக அந்தத் தெருவுக்குள் வந்தார்.

"உன் ஓட்டு எனக்குத்தானேம்மா?"

சடைச்சி வாசலில் பாயை விரித்து அவரை உட்காரவைத்தாள். பிறகு தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"எல்லாரும் வாங்க. நம்ம ஓட்டைக் கேட்டு வந்திருக்காரு."

ஒவ்வொரு குடிசையாகப் படல் திறந்தது. வேட்பாளர் எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் பாயைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லாமல் போயிருந்தது.