டிரம் அணி வந்திருக்கிறது

வாக்கெடுப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் பத்து நிமிடம்.

அமெரிக்காவின் தெற்கில் ஒரு மாநிலச் சட்டமன்றத்தின் வட்டக் கூடத்தில் பதினாறு பேர் வரிசையாக நின்றார்கள். ஊதாச் சீருடை, பொன்னிறப் பட்டை, தொப்பியில் வெள்ளை இறகு. கறுப்பின மாணவர்களுக்கான அரசுக் கல்லூரியின் டிரம் அணி.

எதிரே குதிரைமேல் ஒரு பழைய தளபதியின் சிலை. குதிரையின் பின்புறம் இவர்களைப் பார்த்து இருந்தது.

முன்வரிசையில் ஒடெட். வேதியியல் இறுதியாண்டு. பெரிய டிரம் அவளுடையது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் யார் முதுகுக்குப் பின்னாலாவது போய் நின்றுகொள்வாள். அடிக்கச் சொன்னால் ஊரே அதிரும்.

மத்திய அரசு ஒரு டாலர் கொடுத்தால் மாநிலமும் ஒரு டாலர் கொடுக்க வேண்டும். சட்டம் அப்படித்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வெள்ளையர் கல்லூரி என்றால் மாநிலத்துக்கு இது நன்றாக நினைவிருக்கும். இவர்கள் கல்லூரி என்றால் மறதி வந்துவிடும்.

இன்றும் மறந்தால் அறிவியல் கட்டடத்தை இழுத்து மூடிவிடுவார்கள். ஆய்வகம் இல்லையென்றால் ஒடெட்டுக்குப் பட்டமும் இல்லை.

வருடா வருடம் நிதி வாக்கெடுப்பு நாளில் இவர்கள் வந்து டிரம் அடிப்பார்கள். சட்டமன்ற உறுப்பினர்கள் தாளம் தப்பக் கைதட்டுவார்கள். சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பழைய மாணவர்கள் கொண்டுவரும் பீச் பழ கேக்கில் இரண்டு துண்டு தின்பார்கள். பிறகு உள்ளே போய்ப் பணம் இல்லை என்று கை தூக்குவார்கள்.

"ஏப்பம் விட்டுக்கிட்டே இல்லைங்கிறானுங்க," என்றான் பக்கத்தில் நின்ற லவோன். "இந்தத் தடவை கேக்குல உப்பைப் போட்டிருக்கணும்."

"வாயை மூடுடா. வர்றாரு," என்றாள் ஒடெட்.

நிதிக்குழுத் தலைவர் ஹாத்காக் வந்தார். பின்னாலேயே கேமராக்கள். விசில் ஒலித்தது. பதினாறு பேரும் அடித்தார்கள்.

சத்தம் வரவில்லை.

குச்சிகள் காற்றில் இறங்கின, ஏறின. ஒன்றுகூடப் பிந்தவில்லை. லவோன் வழக்கம்போல ஒரு குச்சியை மேலே சுழற்றி எறிந்து முதுகுக்குப் பின்னால் பிடித்தான். டிரம்மை மாட்டும் கம்பிச் சட்டம் எல்லோர் வயிற்றுக்கு முன்னாலும் காலியாக நீட்டிக்கொண்டிருந்தது.

தலைவர் பழக்கத்தில் நாலு தடவை கைதட்டிவிட்டார். கூடத்தில் கேட்கிற ஒரே சத்தம் தன்னுடையதுதான் என்று பிறகுதான் புரிந்தது. நிறுத்தினார்.

"மௌனப் போராட்டம்," என்று ஒரு நிருபர் கிசுகிசுத்தார். இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தலைவரின் காது சிவந்தது. "என்னம்மா, கேமராவைக் கூட்டிவச்சு எங்களைக் கேலி பண்றீங்களா? டிரம் எங்கே?"

பெரிய டிரம்மின் கம்பிச் சட்டம்தான் எல்லாவற்றிலும் பெரியது. மைக் அதற்கு முன்னால் வந்து நின்றது. ஒடெட் அரை அடி பின்னால் நகர்ந்தாள்.

லவோன் முழங்கையால் இடித்தான். "சொல்லுடீ. உன் பட்டம் போயிடும்."

"போராட்டமெல்லாம் இல்ல சார். டிரம் எல்லாம் லேப்ல இருக்கு. மேல்பக்கத்துத் தோலைக் கழட்டிட்டு வரிசையா வச்சிருக்கோம். செவ்வாய்க்கிழமையிலேர்ந்து மழை."

தலைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூரை ஒழுகினா வாளியை வைக்கிறதுதானே?"

"வாளியெல்லாம் லைப்ரரில இருக்கு சார்."